தேங்காய்த் தண்ணீர் குடித்த ஃபிளாஷ்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணன் கொடுத்த பழைய கேனன் 700டி கேமரா என்னிடம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு ரதம் படம் பிடிக்கப் பினாங்குக்கு வந்திருந்தேன். தேங்காய் உடைக்கும் இடத்தில் நின்றபோது கேமராவின் தலையில் தண்ணீர் தெறித்தது. துடைத்துவிட்டுத் தொடர்ந்து எடுத்தேன். மறுநாளிலிருந்து ஃபிளாஷ் எழவில்லை. அம்மா இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார், பயனில்லை. கத்தி முனையால் நெம்பிப் பார்க்கலாமா? கேமராவைக் கழற்றிச் சரிசெய்யும் காணொளி ஒன்றும் கிடைத்தது. அதைப் பார்த்து நானே செய்துவிடலாமா, அண்ணா?"

கத்தி அடுக்களையிலேயே இருக்கட்டும், தம்பி. காணொளியையும் மூடிவிடுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அரிசியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அம்மாவின் மேல் குற்றமில்லை, ஊரே அப்படித்தான் நம்புகிறது. ஆனால் உங்கள் கேமராவில் இப்போது ஈரம் இல்லை. தேங்காய்த் தண்ணீரில் இருந்த நீர் அன்றிரவே உலர்ந்து போயிருக்கும். அது விட்டுச் சென்ற சர்க்கரைதான் உள்ளே பசையாக உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரையை அரிசி எடுக்காது. தன் பங்குக்குக் கொஞ்சம் மாவுத் தூளை இடுக்கில் கொட்டிவிட்டுத்தான் போயிருக்கும்.

இது எனக்குப் பழகிய நோய். 1990களில் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு பழுது பார்க்கும் மேசையிலேயே காலம் தள்ளியவன் நான். தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் எங்கள் மேசை நிறைந்துவிடும். டத்தோ கிராமாட் சாலையோரம் தேங்காய் குன்று குன்றாகக் குவிந்திருப்பதையும், ரதம் நெருங்கியதும் தமிழரும் சீனரும் போட்டி போட்டு உடைப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் சாரலில் நின்ற கேமராக்களைக் கொண்டு வருபவர்கள் "மழையில் நனைந்துவிட்டது" என்பார்கள். ஃபிளாஷ் மூடியை மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை அடிக்கும். உங்கள் கேமராவையும் ஒருமுறை மோந்து பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எங்கள் முதலாளி செய்த முதல் பரிசோதனையே அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 700டி போன்ற கேமராக்களில் ஃபிளாஷை மேலே தூக்குவது மோட்டார் அன்று. கீல் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை எழவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய கொக்கி. லென்ஸுக்கு மேலே பக்கவாட்டில் உள்ள மின்னல் குறிப் பொத்தானை நீங்கள் அழுத்தினால், அல்லது கேமராவே வெளிச்சம் போதாது என்று முடிவு செய்தால், ஒரு மின்காந்தம் அந்தக் கொக்கியை விடுவிக்கிறது. "டிக்" என்ற ஒலி கேட்கும், மூடி துள்ளி எழும். எழுந்துவிட்டது என்பதை உள்ளே இன்னொரு சின்ன ஸ்விட்ச் கேமராவுக்குத் தெரிவிக்கும். ஆகவே ஃபிளாஷ் எழவில்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கிறது: கேமரா கட்டளையே இடவில்லை, அல்லது கட்டளை வந்தும் கொக்கி விடவில்லை, அல்லது கொக்கி விட்டும் மூடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து போடுங்கள். குறைந்த பேட்டரியில் ஃபிளாஷ் காட்டும் முரண்டுகளுக்குக் கணக்கில்லை. மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, மோட் வளையத்தை 'பி' (P) எழுத்தில் வைத்து, கேமராவின் தலையைக் காதருகே பிடித்தபடி மின்னல் பொத்தானை அழுத்துங்கள்.

"டிக்" கேட்டும் மூடி எழவில்லையா? மூடி ஒட்டியிருக்கிறது. சற்று நேரத்தில் திரையில் பிழை எண் 05 வரலாம். "உள்ளமைந்த ஃபிளாஷை உயர்த்த முடியவில்லை" என்பதற்குக் கேனன் வைத்திருக்கும் எண் அது. கேமராவை அணைத்துப் போட்டால் எண் மறையும், காரணம் மறையாது. ஒலியும் இல்லை, பிழை எண்ணும் இல்லை என்றால், கேமரா கட்டளையே இடவில்லை என்று கொள்ளலாம். ஒலி இல்லாமல் பிழை எண் மட்டும் வந்தால் கொக்கியோ மின்காந்தமோ அசையவில்லை. முதல் இரண்டையும் நீங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது கடைக்குரியது.

உங்களுக்கு மூடி ஒட்டிய வகை என்றுதான் என் ஊகம். இருந்தாலும் கட்டளை இடாத வகையை ஒதுக்கிவிட்டுப் போவோம், ஏனென்றால் பழுதே இல்லாத கேமராவைப் பழுது என்று தூக்கி வருபவர்கள் இதில்தான் அதிகம். பச்சை நிற ஆட்டோ மோடில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் அழுத்தினால் ஃபிளாஷ் எழாது. தேவையில்லை என்று கேமரா நினைக்கிறது. இயற்கைக் காட்சி, விளையாட்டு ஆகிய மோடுகளில் இருட்டிலும் எழாது. வீடியோ மோடிலும் அப்படியே. ஒருமுறை ஓர் அம்மையார் பாலிக் புலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வளையம் விளையாட்டு மோடில் நிற்பதைத் தெரிந்துகொண்டு, ஒரு காசும் செலவில்லாமல் திரும்பிப் போனார். பஸ் கட்டணம்தான் அவருக்கு நட்டம்.

இதே வகையில் ஒளிந்திருக்கும் இன்னொரு குற்றவாளி ஹாட் ஷூ. கேமராவின் தலையில் வெளி ஃபிளாஷ் மாட்டுவதற்கென்று உலோகத் தண்டவாளம் போல ஓர் இடம் இருக்கிறதே, அதுதான். அந்தத் தண்டவாளங்களில் ஒன்றின் உட்பக்கம் கடுகளவு ஸ்விட்ச் ஒன்று உண்டு. வெளி ஃபிளாஷின் அடிப்பாகம் உள்ளே நுழையும்போது அது அமுங்கும். "மேலே ஒருவர் வந்துவிட்டார், நாம் எழுந்தால் முட்டிக்கொள்வோம்" என்று புரிந்துகொண்டு கேமரா தன் ஃபிளாஷைப் படுக்க வைத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஊர்க் கடல் காற்றும் புழுக்கமும் அந்த ஸ்விட்சுக்கு ஆகாது. அழுக்கோ களிம்போ ஏறி அமுங்கிய நிலையிலேயே நின்றுவிட்டால், மேலே யாரும் இல்லாதபோதும் கேமரா யாரோ இருப்பதாக நினைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் நாள் முழுதும் பொத்தானை அழுத்தலாம், எதுவும் நடக்காது.

ஹாட் ஷூவில் மைக்கோ சின்ன விளக்கோ பிளாஸ்டிக் மூடியோ செருகியிருந்தால் முதலில் கழற்றுங்கள். கைவிளக்கை அடித்து உட்பக்கத் தண்டவாளத்தைப் பாருங்கள். பல் குத்தும் மரக்குச்சியின் மழுங்கிய பக்கத்தால் அந்த ஸ்விட்சை மெதுவாகத் தொட்டால் அமுங்கி உடனே மேலே வர வேண்டும். வராவிட்டால், எங்காவது ஒரு பழைய ஃபிளாஷை இரவல் வாங்கி, அடிப்பாகத்தைப் பத்துப் பதினைந்து தடவை நுழைத்து நுழைத்து எடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். ஊசி, குண்டூசி, காகிதக் கவ்வி எதுவும் வேண்டாம். அங்கே மின் தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றன.

இனி உங்கள் தேங்காய்க்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கேமரா சுத்தம் செய்வது என்றதும் எல்லோரும் 99 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தேடி ஓடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்ல மருந்து. ஆனால் சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். தேங்காய்த் தண்ணீர், பால்குடத்துப் பால், இளநீர், குளிர்பானம் எது சிந்தியிருந்தாலும் முதல் மருந்து தண்ணீர்தான், அதுவும் காய்ச்சி வடித்த நீர். ஆல்கஹால் அதற்குப் பின்னால் வருவது, அந்த நீரைத் துரத்திக்கொண்டு ஆவியாவதற்காக.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கூட்டத்தில் விபூதி பறந்திருக்கும், இப்போது அரிசி மாவு வேறு. அதன் மேல் ஈரம் பட்டால் கூழாகிக் கீலுக்குள் இறங்கும். ஆகவே முதலில் உலர் சுத்தம். பேட்டரியைக் கழற்றுங்கள். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, லென்ஸ் தூசிக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதுபந்தால் ஃபிளாஷ் மூடியின் விளிம்பைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். பிறகு யாரும் தொடாத புதிய நீர்வண்ணத் தூரிகை ஒன்றால் அந்தக் கோட்டை வருடிக் கொடுங்கள். தலைகீழாகவே இருக்கட்டும், தூள் கீழே விழ வேண்டும், உள்ளே அல்ல.

அடுத்து, பஞ்சு முனைக் குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுங்கள். நகத்தின் மேல் வைத்து அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டு விழக்கூடாது. அதுதான் அளவு. அந்தக் குச்சியால் மூடியின் விளிம்பை, முக்கியமாக முன் உதட்டின் இரு மூலைகளையும் பின்னால் கீல் இருக்கும் இடத்தையும் துடையுங்கள். அவசரம் வேண்டாம். காய்ந்த சர்க்கரை இளகச் சிறிது நேரம் எடுக்கும். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஒரு புதிய குச்சி. நான்காவது ஐந்தாவது குச்சி மஞ்சளாக வெளியே வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். குச்சி வெள்ளையாக வரும்வரை செய்துவிட்டு, கடைசியாக ஆல்கஹாலில் தொட்ட குச்சியால் அதே பாதையில் ஒரு சுற்று. மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டுத் திரவத்தில் மீதி நீர்தான், ஆகவே இந்தக் கடைசிச் சுற்றுக்கு அது உதவாது. மின்னணுப் பொருள் விற்கும் கடையில் 99 விழுக்காடு கேளுங்கள். கைக்குத் தடவும் கிருமிநாசினிக் கூழைக் கொண்டுபோய்த் தடவிவிடாதீர்கள், அதுவே ஒரு பசை.

பூட்டுக்கும் சங்கிலிக்கும் அடிக்கும் துரு நீக்கி எண்ணெய்த் தெளிப்பானைப் பற்றியும் கேட்பீர்கள். கூடவே கூடாது. அது ஓடிப் பரவும், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வரை போகும், பிறகு வருகிற தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பிள்ளை இப்படிச் செய்து கொண்டு வந்த கேமராவில், கண்ணாடி வழியாகப் பார்த்தால் கொம்தார் கோபுரம் மீன் குழம்பில் மிதப்பது போலத் தெரிந்தது.

துடைத்து முடித்ததும் ஓர் இரவு விடுங்கள். ஆல்கஹால் எரியக்கூடியது, ஃபிளாஷ் குழாயில் பாய்வதோ உயர் மின்னழுத்தம். ஆவி முழுதும் அடங்காமல் ஃபிளாஷை அடித்துப் பார்க்கக்கூடாது. மறுநாள் காலை பசியாறிவிட்டு நிதானமாக உட்கார்ந்து பேட்டரியைப் போடுங்கள். ஒரு கை மின்னல் பொத்தானில். இன்னொரு கையின் இரு நகங்கள் மூடியின் முன் உதட்டில், இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. பொத்தானை அழுத்தி "டிக்" கேட்கும் அதே நொடியில் இரு மூலைகளையும் சமமாக மேலே ஏந்துங்கள். இழுக்காதீர்கள், ஏந்துங்கள். கொக்கி விட்டிருந்தால் ஒட்டடை பிரிவது போல ஒரு மெல்லிய பிசுபிசுப்போடு மூடி எழும். கொக்கி விடாமல் நீங்கள் மட்டும் தூக்கினால் கல்லைப் போல நிற்கும். அப்போது விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்குவதும் தவறு. கீலின் கை வளைந்துவிட்டால் பிறகு எந்தச் சர்க்கரையும் இல்லாமலே மாட்டிக்கொள்ளும்.

நகம் இல்லாதவர்கள் கித்தார் மீட்டும் மெல்லிய பிளாஸ்டிக் வில்லையைப் பயன்படுத்தலாம். பையில் இருக்கிறதே என்று டச் அண்ட் கோ பயணக் கட்டண அட்டையைச் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடுக்குக்கு அதன் தடிமன் அதிகம், உதட்டை உடைத்துவிடும்.

எழுந்துவிட்டதா? உடனே மூடாதீர்கள். இப்போதுதான் உண்மையான அழுக்கு கண்ணுக்குத் தெரியும். மூடி படுத்திருந்த குழியின் விளிம்பிலும் கீலின் இரு கைகளிலும் தேன் சிந்திக் காய்ந்தது போலப் பழுப்புக் கறை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, நீர்க் குச்சி, ஆல்கஹால் குச்சி என்று அதே வரிசை. ஃபிளாஷின் முன் கண்ணாடியை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். எல்லாம் உலர்ந்ததும் கையால் மூடி, பொத்தானால் திறந்து, இருபது தடவை செய்யுங்கள். சோம்பலாக எழுந்த மூடி பத்தாவது தடவைக்குள் துள்ளத் தொடங்கும்.

எழாவிட்டால்? அப்போதுதான் காணொளியின் ஆசை வரும். அந்தக் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சின்ன ஃபிலிம் கேமராவின் முதுகைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரியை எடுத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது, ஆகவே பயமில்லை என்று நினைத்தேன். என் இரண்டு விரல்கள் எங்கேயோ பட்டன. கை தோள்வரை உதறியது, திருப்புளி பறந்து முதலாளியின் தே தாரிக் கோப்பையில் விழுந்தது. அவர் திட்டவில்லை. இன்னொரு கேமராவை எடுத்து, கைப்பிடியில் ரப்பர் சுற்றிய பழைய திருப்புளியால் அதே இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் காட்டினார். பட்டாசு வெடித்தது போல ஓர் ஒலி. திருப்புளியின் முனையில் அரிசி நுனியளவு ஒரு குழி உருகிப் போயிருந்தது. அந்தத் திருப்புளி இன்னும் என்னிடம் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஃபிளாஷ் அடிக்கத் தேவையான மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது ஒரு மின்தேக்கி. சுமார் 300 வோல்ட்டுக்கு அது ஏற்றப்படுகிறது. வீட்டுச் சுவரில் வருவது 230தான். பேட்டரியைக் கழற்றினாலும் அந்தச் சுமை உடனே இறங்காது, நெடுநேரம் அப்படியே நிற்கலாம். 120 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 330 வோல்ட்டில் ஏறியிருந்தால் ஆறரை ஜூல் ஆற்றல் அதற்குள் காத்திருக்கிறது. அதைப் பாதுகாப்பாக இறக்க முறை இருக்கிறது, மின்தடை வைத்து மெதுவாக இறக்குவது. அதை எழுத்தில் கற்பிக்க எனக்கு விருப்பமில்லை. 700டியின் மேல் மூடியைத் திறந்தால் ஃபிளாஷுக்குப் போகும் கம்பிகள் உங்கள் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து துடைக்கும் வரை இந்த ஆபத்து இல்லை.

கடைக்குக் கொண்டுபோவதானால் முதலில் விலை கேளுங்கள், பிறகு கேமராவைக் கொடுங்கள். கொக்கியோ கீலோ உடைந்திருந்தால் பல இடங்களில் அதை மட்டும் மாற்ற மாட்டார்கள், மேல் மூடியை முழுதாக மாற்றச் சொல்வார்கள். 700டி 2013இல் வந்தது. அதன் இன்றைய பழைய விலையையும் பழுதுக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் அந்தப் பணத்தை ஒரு சின்ன வெளி ஃபிளாஷில் போடுவேன். உள்ளமைந்த ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் வழிகாட்டி எண் 13. அதாவது ஐஎஸ்ஓ 100இல் லென்ஸ் துளை 5.6 என்றால் வெளிச்சம் இரண்டேகால் மீட்டர் சொச்சம்தான் போகும். அதை வைத்துக்கொண்டு ரதத்தை எடுத்தால் முன்னால் நிற்பவரின் பின்னந்தலையும் சாம்பிராணிப் புகையும்தான் வெள்ளையாக விழும். ஹாட் ஷூ ஸ்விட்ச் ஒட்டிப்போன கேமராவில்கூட வெளி ஃபிளாஷ் பொதுவாகக் குறையின்றி வேலை செய்யும். கேமராதான் ஏற்கனவே மேலே ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறதே.

இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்பவர்களும் உண்டு: மூடினால் நிற்காமல் மறுபடி எழுகிறது என்று. கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது அது மாட்டும் குழியில் மணல் இருக்கும். பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போய் வந்த கேமரா என்றால் சந்தேகமே வேண்டாம், ஊதுபந்தை எடுங்கள். அதுவரை மெனுவில் ஃபிளாஷ் அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு காகித டேப்பால் ஒட்டி வைக்கலாம். இன்னொன்று: 200டி மார்க் 2, 3000டி போன்ற கேமராக்களில் ஃபிளாஷைக் கையால்தான் தூக்க வேண்டும், பொத்தானே கிடையாது. பழைய கேமராவிலிருந்து அதற்கு மாறியவர்கள் பொத்தானைத் தேடித் தேடிக் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு வரும்போது, படகுத்துறையிலிருந்து இறங்கியதும் அதே காகித டேப்பில் இரண்டு விரல் நீளம் கிழித்து ஃபிளாஷ் மூடியின் முன் உதட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். ஹாட் ஷூவின் மேலும் ஒரு துண்டு. தண்ணீர்மலையில் 513 படி ஏறி இறங்கி வீட்டுக்குப் போனதும் உரித்துப் பாருங்கள். டேப்பின் மேல் பிசுபிசுவென்று ஒட்டுவது, இந்த வருடம் உங்கள் கீலுக்குள் போனதுதான்.